கோட்டுக்கு அந்தப் பக்கம் – 9: விடுப்பில் வந்த குமாஸ்தா

இந்த வாரக் கதையைப் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

கடல் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. வலை காயப்போட்ட மணல், படகை இழுத்து ஏற்றிய மேடு, சில வீடுகளின் சுவர் எல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டன. கரை நகர்ந்துவிட்டது. நகராதது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

இங்கிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் கோட்டக்குப்பம் தாண்டியதும் புதுச்சேரி. வடக்கே போனால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. இரண்டுக்கும் நடுவில் தமிழ்நாட்டின் ஒரு துண்டாக இந்த ஊர். பஸ்ஸில் போகிறவனுக்கு மதுக்கடைப் பலகைகளை வைத்துத்தான் மாநிலம் மாறியதே தெரியும்.

1911-இல் இது மாநில எல்லை இல்லை. இரண்டு பேரரசுகளின் எல்லை. பொம்மையார்பாளையம் தென்னார்க்காடு மாவட்டம், ஐந்தாம் ஜார்ஜின் ராஜ்யம். தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் பிரெஞ்சுக் குடியரசு. இந்தப் பக்கம் ராஜத்துரோகம் என்று சிறையில் தள்ளும் எழுத்தை, அந்தப் பக்கம் அச்சுக் கோத்து மை தடவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டிப் போய், சில மாதம் தங்கி, திரும்பி வந்து ஒரு கலெக்டரைச் சுட்டுக் கொன்ற குமாஸ்தாவின் கதை இது. வாஞ்சிநாதன் பொம்மையார்பாளையம் வழியாக நடந்து வந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சுவடும் இல்லை. ஆனால் இந்தக் கோடு இல்லையென்றால் அந்தக் கதையும் இல்லை.

இதுவரை

சென்ற வாரம் 1908 ஜூலை 7-இல் நிறுத்தியிருந்தோம். திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார். மொத்தம் 40 ஆண்டுகள். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு. பிறகு மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. அதற்குள் நாற்பது என்ற எண் நாடெல்லாம் பரவிவிட்டது. சிறையில் அவர் செக்கிழுத்த செய்தி இன்னும் வேகமாகப் பரவியது.

என்ன குற்றம்? 1906 அக்டோபரில் ஒரு கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் குடை இனாம் என்கிற அளவுக்கு இறங்கியது. அதையும் தாங்கினார்கள். பிறகு 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வாராந்தர விடுமுறையும் கேட்டார்கள். வென்றார்கள். மார்ச் 12-இல் வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

இந்த நாடகத்தின் ஓரத்தில் ஒரு அயர்லாந்துக்காரர் நின்றிருந்தார். தூத்துக்குடியின் இணை மாஜிஸ்திரேட் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ். அவரை நினைவில் வைத்திருங்கள் என்று சென்ற வாரமே சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. கோகலே பக்கம் நின்றவர்கள் மிதவாதிகள், திலகர் பக்கம் நின்றவர்கள் தீவிரவாதிகள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த அன்று மாலையே வானொலிச் செய்தியில் அதே சொல்லை வேறு பொருளில் கேட்டுக் குழம்பியது எனக்கு நினைவிருக்கிறது. திலகரும் தீவிரவாதி, ரயிலுக்குக் குண்டு வைத்தவனும் தீவிரவாதியா? வாத்தியாரிடம் கேட்டேன். பரீட்சைக்கு வராது, உட்கார் என்றார்.

பரீட்சைக்கு வராத அந்தக் கேள்விதான் இந்தத் தொடர்.

1908-இல் தூத்துக்குடியில் ‘தீவிரம்’ என்றால் என்ன பொருள்? கடற்கரையில் தினமும் கூட்டம். மில் வேலையை முடித்துவிட்டு எண்ணெய்த் தலையோடு வந்து உட்காரும் தொழிலாளி, வண்டிக்காரர், கடைக்காரர், வக்கீல். வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு பிரமுகருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம். தமிழ்நாட்டு அரசியலின் மிக அழகான காட்சிகளில் இது ஒன்று என்பேன். கத்தி கையில் இருந்தது. கழுத்தும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் செய்தது, வேலையை நிறுத்தியது மட்டும்.

அந்த அரசியலை அரசாங்கம் எப்படி நடத்தியது? கப்பல் விட்டவருக்கு நாற்பதாண்டு. கலவரம் நடந்த ஊர்களில் கூடுதல் போலீஸ். அதன் செலவு ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாக விழுந்தது. 1908 ஜூனில் பத்திரிகைச் சட்டம் ஒன்று, 1910-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. அச்சகம் வைத்திருப்பவன் ஜாமீன் தொகை கட்ட வேண்டும், எழுத்து பிடிக்கவில்லை என்றால் தொகையும் போகும், அச்சகமும் போகும். சங்கங்களைத் தடை செய்ய 1908 டிசம்பரில் வேறொரு சட்டம். தலைவர் சிறையில் இருக்க, கம்பெனி கடனில் மூழ்கியது. காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றார்கள்.

பேச மேடை இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை, சேரச் சங்கம் இல்லை. கடற்கரைக்கு வந்துகொண்டிருந்த மில் தொழிலாளி வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்த வேளைச் சோறு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போக மனமில்லாத சில இளைஞர்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்குக் கடற்கரை வேண்டாம். ஓர் அறை போதும்.

தென்காசியில் ஓர் அறை

நீலகண்ட பிரம்மச்சாரி சீர்காழிப் பக்கத்து எருக்கூர்க்காரர். வயது இருபதை ஒட்டி. 1909, 1910-இல் தென்மாவட்டங்களில் ஊர் ஊராக அலைந்து ஆள் சேர்த்தார். அவருக்குக் கிடைத்த துணை சங்கரகிருஷ்ணன். இந்தச் சங்கரகிருஷ்ணனின் உறவினர்தான் செங்கோட்டை வாஞ்சி.

1910 ஏப்ரலில் தென்காசியில், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. பாரத மாதா சங்கம் என்று பின்னால் வழக்குக் கட்டுகளில் பெயர் பெற்றது இதுதான்.

கதவு சாத்தப்பட்டது. காளி படம் வைத்துப் பூசை. குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளையரின் ரத்தமாகப் பாவித்துக் குடித்தார்கள். கட்டைவிரலைக் கீறி, ரத்தத்தால் ரேகை வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுப்பெயர்.

இந்தக் காட்சியை நமக்குச் சொன்னவர்கள் பின்னால் அப்ரூவராக மாறியவர்கள். அப்ரூவர் வார்த்தையை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் வங்காளத்திலும் மராட்டியத்திலும் நடந்த சடங்குகளும் ஏறக்குறைய இதே அச்சுதான். இத்தாலியின் ரகசியச் சங்கங்கள், ரஷ்யாவின் வெடிகுண்டுக்காரர்கள் பற்றிய புத்தகங்கள் கல்கத்தாவிலும் பூனாவிலும் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. சத்தியம், ரத்தம், மாற்றுப்பெயர், அடுத்தவனுக்குத் தெரியாத அடுத்த வரிசை. கருவி ஐரோப்பாவுடையது, அதற்குப் பூசியது நம் ஊர்க் குங்குமம்.

கடற்கரைக் கூட்டத்துக்கும் இந்த அறைக்கும் இரண்டே ஆண்டு இடைவெளி. அங்கே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இங்கே அழைக்கப்பட்டவர் மட்டும். அங்கே கேட்டது கூலியும் விடுமுறையும். இங்கே கேட்டது உயிர். யார் யார் அங்கே இருந்தார்கள், யார் யார் இங்கே இல்லை என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். இதே கேள்வி இன்னும் சில பக்கங்களில் ஒரு சட்டைப் பையிலிருந்து எழுந்து வரும்.

நீலகண்டரின் கணக்கு நீண்ட கணக்கு. ஊர் ஊராக ஆள் சேர்ப்பது, ஒருநாள் எல்லா ஊரிலும் ஒன்றாக எழுவது. தனி அதிகாரியைக் கொல்வது அவருடைய திட்டத்தில் முதல் வரிசையில் இல்லை. அதற்கு வேறொருவர் வர வேண்டியிருந்தது.

பாரிஸ்டர் வந்து இறங்குகிறார்

புதுச்சேரிக்கு முதலில் வந்தவர் பாரதி, 1908-இல். ‘இந்தியா’ பத்திரிகைமேல் வழக்கு வந்ததும் அதை நடத்திய மண்டயம் சகோதரர்கள் அச்சையும் ஆசிரியரையும் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1910 மார்ச் வரை பத்திரிகை நடந்தது. பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையத் தடை வந்ததும் மூச்சு நின்றது. 1910 ஏப்ரல் 4-இல் கப்பலில் அரவிந்தர் வந்து சேர்ந்தார். அலிப்பூர் குண்டு வழக்கில் விடுதலையாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வந்தவர் அரசியலிலிருந்து விலகி யோகத்தில் இறங்கிவிட்டார். பிரிட்டிஷ் போலீஸ் அதை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

1910-இன் பிற்பகுதியில் மூன்றாமவர் வந்தார். வரகனேரி வெங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ.வே.சு.ஐயர்.

திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர். ரங்கூனில் வக்கீல் தொழில் பார்த்து, பாரிஸ்டர் ஆக லண்டன் போனவர். அங்கே ஹைகேட் பகுதியில் ‘இந்தியா ஹவுஸ்’ என்ற மாணவர் விடுதி. சாவர்க்கர் அங்கேதான் இருந்தார். 1909 ஜூலை 1-இல் மதன்லால் திங்ரா லண்டனிலேயே பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டார். அந்தத் துப்பாக்கி, லண்டனிலிருந்து சாவர்க்கர் ரகசியமாக அனுப்பிய பிரௌனிங் கைத்துப்பாக்கிகளில் ஒன்று.

சாவர்க்கர் 1910 மார்ச்சில் பிடிபட்டார். ஐயர் தப்பினார். பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு சந்தேகப்பட்டவரிடம், என் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லிச் சமாளித்த கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். தாடியும் மாறுவேடமுமாகப் பல நாடு சுற்றிப் புதுச்சேரி சேர்ந்தார்.

இந்த மனிதரை ஒரு வரியில் அடக்க எனக்குத் தைரியம் இல்லை. கம்பனில் தோய்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு வாசல் திறந்தவர்களில் ஒருவர். அதே கையால் இளைஞர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். உடற்பயிற்சி, சிலம்பம், குறிபார்த்துச் சுடுதல். கருவடிக்குப்பம் பக்கத்துத் தோப்பு என்று புதுச்சேரியில் இன்றும் கைகாட்டுவார்கள்.

ஏன் அங்கே? 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் கோட்டக்குப்பத்தில் முடிந்துபோகும். புதுச்சேரிப் பக்கத்து முத்தியால்பேட்டையில் நின்று சுட்டால், சத்தம் வேண்டுமானால் இந்தப் பக்கம் கேட்கலாம். போலீஸ்காரர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூன்று மாத விடுப்பு

வாஞ்சிநாதன் 1886-இல் செங்கோட்டையில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். அப்பா ரகுபதி ஐயர், மனைவி பொன்னம்மாள். செங்கோட்டை அப்போது திருவாங்கூர் சமஸ்தானம். வாஞ்சிக்கு வேலை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் வனத்துறைக் குமாஸ்தா. மரக்கணக்கு, கோப்பு, கையெழுத்து.

1911 தொடக்கத்தில் மூன்று மாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் புதுச்சேரி போனார்.

அன்றைக்குச் செங்கோட்டையிலிருந்து ரயிலிலேயே புதுச்சேரி வருவதென்றால் எளிதில்லை. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று சுற்றி விழுப்புரம் சந்திப்பு. அங்கே இறங்கி, 1879-இல் போட்ட கிளைப் பாதையில் மாறி உட்கார வேண்டும். விருத்தாசலம் வழியான குறுக்குப் பாதை வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அத்தனை ஊரைக் கடந்து ஒரு குமாஸ்தா சொந்தக் காசில் வருகிறார் என்றால், முடிவின் பெரும்பகுதியை ஊரிலேயே எடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஐயர் அவரை மயக்கிவிட்டார் என்ற கதை எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

வாஞ்சி இங்கே கற்றது ஒரு தொழில்நுட்பம். குறிபார்க்க, கை நடுங்காமல் விசையை அழுத்த. கூடவே இன்னொன்றும் கிடைத்தது: தான் தனி ஆள் இல்லை, லண்டன், பாரிஸ், நாசிக், கல்கத்தா என்று நீளும் வரிசையில் ஒருவன் என்ற எண்ணம். புனலூர் அலுவலகத்து மேசையில் அது கிடைக்காது.

விடுப்பு முடிந்து திரும்பியபோது அவரிடம் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி இருந்தது.

யாரைச் சுடுவது? வ.உ.சி. வழக்குக் காலத்தில் கலெக்டராக இருந்த விஞ்ச் மாற்றலாகிப் போய்விட்டார். ஆஷ் 1910-இல் திருநெல்வேலிக்குப் பொறுப்புக் கலெக்டராக வந்திருந்தார். கப்பல் கம்பெனியை நசுக்கிய முகமாக ஊருக்குத் தெரிந்தவர்களில், கைக்கெட்டும் தூரத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

பத்து நிமிடம்

1911 ஜூன் 17, சனிக்கிழமை.

ஆஷும் அவர் மனைவி மேரியும் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். போகும் இடம் கொடைக்கானல். நான்கு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலைப் பிடிக்க வேண்டும்.

10:38-க்கு வண்டி மணியாச்சி வந்து நின்றது. போட் மெயில் 10:48-க்கு. நடுவில் பத்து நிமிடம்.

முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கலெக்டர் என்றாலும் பெட்டி வாசலில் காவல் இல்லை. அதுவரை சென்னை மாகாணத்தில் யாரும் ஒரு வெள்ளை அதிகாரியை அரசியலுக்காகச் சுட்டதில்லை.

நன்றாக உடுத்திய ஓர் இளைஞர் பெட்டியை நோக்கி வந்தார். கூட இன்னொருவர். முதலாமவர் உள்ளே ஏறினார்.

மிக அருகிலிருந்து மார்பில் சுட்டார்.

இறங்கி நடைமேடையில் ஓடினார். ஆட்கள் துரத்தினார்கள். நிலையத்துக் கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒரு வெடிச் சத்தம். கதவைத் திறந்தபோது துப்பாக்கியை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தார். வயது 25.

கூட வந்தவர் எந்தப் பக்கம் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. மாடசாமி என்ற பெயரில் போலீஸ் தேடியது. கடைசிவரை அகப்படவில்லை.

ஆஷை அதே ரயிலில் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. கொடைக்கானலில் நான்கு பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நம் புத்தகங்களில் இந்த வரி எப்போதும் விட்டுப்போகும்.

சட்டைப் பை

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. தமிழில், தன் பெயரில்.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 22-இல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அந்த அரசர் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்வதற்கு மூவாயிரம் பேர் சபதம் செய்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே தான் இதைச் செய்வதாகவும் அந்தக் கடிதம் சொன்னது. மூவாயிரம் என்பது எங்கிருந்து வந்தது? பின்னால் வழக்கில் நின்றவர்கள் 14 பேர்.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. நாம் பெருமையாகக் கல்வெட்டில் வெட்டும்போது விட்டுவிடுகிற பகுதி. சனாதன தருமத்தை மிலேச்சர்கள் காலில் மிதிக்கிறார்கள் என்ற புலம்பல். பசு மாமிசம் தின்கிறவன் என்று அரசனுக்கு வசை. அதோடு நிற்காமல், அரசனை இழிவுபடுத்தத் தாழ்த்தப்பட்ட சாதியின் பெயரையே ஒரு வசையாக எடுத்து அவன்மேல் ஒட்டியது.

விடுதலைக்கு உயிர் கொடுத்த வீரரா, சாதித் திமிரில் கொன்றவரா என்று இன்றுவரை சண்டை. ஆஷ் அக்கிரகாரத்து வழியாகப் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுபோகச் செய்தார், அதற்குப் பழிவாங்கத்தான் கொலை என்று ஒரு கதை சுற்றுகிறது. அது செவிவழிக் கதை. அன்றைய ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கதையைத் தள்ளிவிட்டாலும் கடிதத்தைத் தள்ள முடியாது. அது அவரே எழுதியது.

எனக்கு அந்தக் கடிதம் வேறொரு இடத்தைக் காட்டுகிறது. 1908 கடற்கரையில் இந்தக் கடிதத்தை ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்துக் குரலில் உரக்கப் படித்திருக்க முடியுமா? மில் தொழிலாளியும் வண்டிக்காரரும் பாதிச் சவரத்தில் பெட்டியைத் தூக்கிய நாவிதரும் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது? முதல் பத்தியிலேயே யாராவது எழுந்து நின்று, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டிருப்பார். பூட்டிய அறையில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தலையாட்டியவர்கள்.

வாஞ்சி கூட்டத்தாரிடம் போலீஸ் கைப்பற்றிய துண்டுப் பிரசுரங்கள் ‘ஆரியர்’களை விளித்துப் பேசின. அச்சிட்ட இடம் என்று அவற்றில் போட்டிருந்தது, பரங்கியை அழிக்கும் அச்சுக்கூடம் என்று பொருள்படும் ஒரு கற்பனைப் பெயர். தேசம் என்று தொடங்கியது, அறைக்குள் போகப்போக எவ்வளவு சிறுத்துவிட்டது பாருங்கள்.

அதற்காக அரசாங்கத்தின் கணக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை. கடற்கரையைக் கலைத்தது அவர்கள்தான். 1918-இல் ரௌலட் கமிட்டி அறிக்கை எழுதியபோது சென்னை மாகாணத்துக்கென்று சில பக்கம் ஒதுக்கி, பேச்சு, பத்திரிகை, புதுச்சேரி, துப்பாக்கி என்று ஒரு நேர்கோடு போட்டது. பேசியதால்தான் சுட்டார்கள் என்பது அதன் முடிவு. பேச விடாமல் செய்தபிறகு என்ன நடந்தது என்ற பத்தி அதில் இல்லை.

நூல் பிடித்து

போலீஸ் செங்கோட்டைக்கு ஓடியது. வாஞ்சி வீட்டில் கிடைத்த கடிதங்களிலிருந்து ஒரு பெயர், அந்தப் பெயரிலிருந்து இன்னொரு பெயர். சங்கத்தைச் சேர்ந்த ஆறுமுகம் பிள்ளை பிடிபட்டார், வாய் திறந்தார். சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆனார். தர்மராஜ ஐயர் விஷம் குடித்து இறந்தார். புளியரை வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். ரத்தத்தால் ரேகை வைத்த சத்தியத்துக்கு ஆயுள் ஓராண்டுக்குச் சற்று மேல்.

நீலகண்டர் அப்போது வடக்கே இருந்தார். கல்கத்தாவில் போலீஸிடம் போய் நின்றார். மணியாச்சியில் நடந்தது தனக்குத் தெரியாது என்பது அவர் கடைசிவரை சொன்னது. வழக்கில் முதல் குற்றவாளி அவர்தான், ஏழாண்டு போட்டார்கள். அந்த வழக்கில் நீதிபதிகள் தங்களுக்குள்ளேயே பிரிந்து நின்ற கதையும், அவர்களில் ஒருவரான சங்கரன் நாயர் எழுதியதும் தனி வாரத்துக்கு உரியவை.

இப்போது நமக்கு வேண்டியது ஒன்று. விசாரணையில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது விழுப்புரம் தாண்டிப் போய் எல்லைக்கோட்டில் அறுந்தது. துப்பாக்கி அந்தப் பக்கம். பயிற்சி அந்தப் பக்கம். ஐயர் அந்தப் பக்கம். கையில் வாரண்ட் இருந்தது, கால் வைக்க மண் இல்லை.

ஆகவே வாரண்ட் இல்லாதவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். வியாபாரி, சாமியார், நண்பன் என்று பல வேஷத்தில் ஒற்றர்கள் புதுச்சேரியில் வீடு பிடித்துத் தங்கினார்கள். பாரதி வீட்டுத் திண்ணைக்கு எதிரே எப்போதும் இரண்டு கண்கள். தபால் பிரிக்கப்பட்டு வந்தது. பிரெஞ்சு அதிகாரிகளிடம் இவர்கள் சதிகாரர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ஆதாரம் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள்.

ஆதாரம்.

ஒரு நாள் காலை ஐயர் வீட்டு வேலைக்காரப் பெண் கிணற்றில் நீர் இறைத்தார். தண்ணீரோடு வேறொன்றும் மேலே வந்தது. மூடி இறுகிய ஒரு ஜாடி. திறந்து பார்த்தால் உள்ளே காளி படம், வங்காளி எழுத்தில் சில தாள்கள், பிரிட்டிஷாருக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள். ஒரு சதிகாரன் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று போலீஸ் எதிர்பார்க்குமோ அவ்வளவும், பட்டியல் போட்டது போல.

ஐயர் அதை வைத்தவர் இல்லை. பாரதி ஓடிவந்து பார்த்தார். எரித்துவிடலாமா? எரித்தால், எரித்ததே குற்றமாகும். வேறு கிணறுகளிலும் இப்படி இருக்குமா? இதற்குள் யாராவது பிரெஞ்சு மாஜிஸ்திரேட்டிடம் புகார் எழுதிக் கொடுத்திருந்தால், வண்டி இப்போது எந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கும்?

ஜாடியைத் தூக்கிக்கொண்டு அரவிந்தரிடம் போனார்கள்.

அவர் என்ன சொன்னார்? கிணற்றுக்குள் அதைப் போட்ட கை யாருடையது?

(தொடரும்)